பருந்தை எண்ணுவோர் பைத்தியக்காரரா?

நம்மவரிடையே ஒரு விசித்திரமான வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஒருவன் கையில் பஞ்சாங்கத்தை ஏந்தி, கண்ணுக்குப் புலப்படாத இராகு கேதுக்களின் சஞ்சாரத்தைக் கணக்கிட்டு, "இன்று மேற்கே சூலம், பிரயாணம் ஆகாது" என்று சொல்வானாயின், அவனை அறிஞன் என்கிறோம், கைகட்டி நின்று தட்சணையும் தருகிறோம். மற்றொருவன் கையில் நோட்டுப் புத்தகத்தை ஏந்தி, கண்ணுக்கு நன்றாய்ப் புலப்படும் பறவைகள் ஆகாயத்தில் செல்வதைக் கணக்கிட்டு, "இன்று வடக்கேயிருந்து தெற்கே இத்தனை பருந்துகள் சென்றன" என்று எழுதுவானாயின், அவனைப் பைத்தியக்காரன் என்கிறோம். இவ்விருவரில் பைத்தியக்காரர் யார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்த ஆராய்ச்சிக்கு என்னைத் தூண்டியவர் எங்கள் வட்டாரத்துப் பெரியவர் ஒருவர். நான் செம்பனைத் தோட்டமொன்றின் காரியாலயத்தில் கிராணி. குடியிருப்பது பாகான் டாலாமில். சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிறை ஆற்றங்கரையை அடுத்த திடலொன்றில் தூரதிருஷ்டிக் கண்ணாடியும் நோட்டுப் புத்தகமுமாக நின்றுகொண்டிருந்தேன். இரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற அப்பெரியவர் என் அருகே வந்து, "தம்பி, நீ படித்த பிள்ளை, கிராணி உத்தியோகம் பார்க்கிறாய். இப்படிக் காக்கை எண்ணிக்கொண்டு நிற்கிறாயே, இதனால் நாலு பேருக்குப் பிரயோஜனம் உண்டா?" என்று வினவினார். "காக்கை அல்ல ஐயா, பருந்து" என்றேன். அவ்வளவுதான். "கருடனா!" என்று கூறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார், பிறகு தம் வழியே போய்விட்டார். அவர் ஒருமுறையேனும் தலையை உயர்த்தி மேலே பார்க்கவில்லை.

அப்பெரியவரைப் பழிப்பது என் எண்ணமன்று. அவர் செய்ததையே நம் சமூகம் முழுதும் செய்துகொண்டிருக்கிறது. கும்பிடுவதற்கு நமக்குக் கை உண்டு. பார்ப்பதற்குக் கண் இல்லை.

முதலில், ஆகாயத்தில் நடப்பது யாது என்பதைக் கூறிவிடுகிறேன். சைபீரியாவிலும், சீனத்திலும், கொரியாவிலும், ஜப்பானிலும் இலையுதிர்காலம் தொடங்கும் வேளை நமக்குப் புரட்டாசி, ஐப்பசி மாதங்கள். அந்நாடுகளில் குளிர் நெருங்கி, பூச்சி புழுக்களும் தவளை ஓணான்களும் மறையவே, அவற்றை உண்டு வாழும் ஊனுண் பறவைகள் இரை தேடித் தெற்கே புறப்படுகின்றன. தேனீ, குளவி ஆகியவற்றின் கூடுகளைச் சிதைத்துப் புழுவை உண்ணும் தேன் பருந்து, புறா அளவேயுள்ள சீன வல்லூறு, தலையில் கொண்டையும் உடலில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் கொண்டு கூட்டங்கூட்டமாய்ச் செல்லும் கருங்கொண்டை வல்லூறு, சாம்பல் முகப் பருந்து, ஜப்பானிய வல்லூறு, இவையெல்லாம் அப்பிரயாணிகள். ஜப்பானிலிருந்து புறப்படும் தேன் பருந்துகளின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி, துணைக்கோளின் வாயிலாக அந்நாட்டு அறிஞர்கள் வழியைக் கண்டறிந்திருக்கின்றனர். அவை கடல் தாண்டிச் சீனத்தை அடைந்து, இந்தோசீனத்தின் வழியே இறங்கி, நம் மலாய்த் தீபகற்பத்தின் மேலாகவே சுமத்திராவுக்கும் அதற்கு அப்பாலும் செல்கின்றன. ஒருவழிப் பயணம் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர்.

அவை ஏன் நம் தலைக்கு மேல் வரவேண்டும்? வெயிலேறியதும் நிலம் சூடாகிறது; சூடான காற்று மேலே எழும்புகிறது. பருந்து அக்காற்றில் சிறகை விரித்து, வட்டமிட்டு, உச்சிக்கு ஏறி, அங்கிருந்து சிறகை அசையாது நீட்டித் தெற்கு நோக்கிச் சறுக்குகிறது; தாழ்ந்ததும் மற்றொரு சூட்டுக்காற்றில் ஏறிக்கொள்கிறது. செலவின்றிப் பிரயாணம் செய்யும் தந்திரம் இது. கடலின்மேல் இவ்விதக் காற்று அரிது. ஆகவே கூடுமானவரை நிலத்தைப் பற்றிக்கொண்டே அவை வருகின்றன. இருபுறமும் கடல் சூழ்ந்த நம் தீபகற்பம் அவற்றுக்கு ஒரு நீண்ட பாலம். தாய்லாந்தில், இத்தீபகற்பம் ஒடுங்கும் இடத்துக்கு அருகிலுள்ள சும்போனில், 2003ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஊனுண் பறவைகளை எண்ணியிருக்கின்றனர். திரும்பி வரும் காலத்தில், அதாவது மாசி பங்குனியில், போர்ட் டிக்சனை அடுத்த தஞ்சோங் துவான் முனையில் அவை கரையேறுவதைக் காணலாம். எதிரே சுமத்திராவைச் சார்ந்த ரூப்பாட் தீவு சுமார் 40 கிலோமீட்டர்; மலாக்கா நீரிணை குறுகியிருக்கும் இடமாதலால், கடலைத் தாண்ட அவை அவ்வழியைத் தேர்கின்றன. 1940இல் நிறுவப்பட்ட இயற்கைக் கழகத்தார் 2000ஆம் ஆண்டு முதல் அங்கே பருந்து காணும் விழா நடத்தி வருகின்றனர். போர்ட் டிக்சனுக்குக் குடும்பத்தோடு கடலாடச் செல்லும் நம்மவர் எத்தனை ஆயிரம்! அந்தக் கலங்கரை விளக்கத்தின் மேலே பார்த்தவர் எத்தனை பேர்?

இனி, எண்ணும் முறையைக் கேளுங்கள். வடக்கு நன்றாய்த் தெரியும் வெளியில் நிற்க வேண்டும். பாகான் டாலாமில் தெளிவான காலையில் வடக்கே ஜெராய் மலை தெரியும். மேற்கே கால்வாய்க்கு அப்பால் பினாங்கு மலை. தென்கிழக்கே புக்கிட் மெர்தாஜாம் குன்று. இவை அடையாளக் கற்கள். ஒவ்வொரு மணிக்கும் தனி வரி: காற்று எப்பக்கம், மேகம் எவ்வளவு, எவ்வினம், எத்தனை, எத்திசை. வட்டமிட்டு ஏறும்போது எண்ணினால் ஒன்றையே இருமுறை எண்ணிவிடுவோம். உச்சியிலிருந்து வரிசையாய்ப் பிரிந்து சறுக்கும்போதே எண்ண வேண்டும். துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும் செம்பருந்தும் கடற்கழுகும் நம் ஊர்க் குடிகள். அவற்றைப் பிரயாணிகளோடு சேர்க்கக் கூடாது. நானே முதல் நாள் ஊர்ப் பருந்துகளை மும்முறை நான்குமுறை எண்ணிப் பெருமிதத்தோடு வீடு திரும்பினேன். தவறு புலப்பட்டதும் அப்பக்கம் முழுவதையும் குறுக்கே கோடிட்டு அடித்தேன்.

இம்முறையில் இரண்டு விதிகள் உண்டு; இரண்டையும் நம் சமூகத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். ஒன்று: ஒரு பறவையும் வராத மணிக்கும் "0" என்று எழுத வேண்டும். வரவில்லை என்பதும் செய்தியே. மற்றொன்று: இனம் இன்னதென்று தெரியாவிடின் "அடையாளம் தெரியவில்லை" என்னும் பத்தியில் பதிய வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது. ஐயன்மீர், நம் புராணங்களிலோ, சோதிட ஏடுகளிலோ, மேடைப் பிரசங்கங்களிலோ "தெரியவில்லை" என்னும் ஒரு பத்தியை எவரேனும் கண்டதுண்டா? எதைக் கேட்டாலும் நம் பெரியவர்களிடம் விடை ஆயத்தமாய் இருக்கிறது. விடை எப்போதும் ஆயத்தமாய் இருக்கும் இடத்தில் அறிவு வளர்வதெப்படி?

இனி, எதிர்ப்பாளர் மூவரைச் சந்திப்போம். முதலில் பக்தர். "கருடன் தெய்வ வாகனம், எண்ணுவது அபசாரம்" என்பது இவர் வாதம். பருந்தின்பால் இவருக்குள்ள மரியாதையால் அப்பறவைக்கு விளைந்த நன்மை யாது என்று கேட்கிறேன். செங்கற்பட்டுப் பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தை அறியாத தமிழரில்லை. நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு வெண்கழுகுகள் குன்றின்மேல் இறங்கிக் குருக்கள் கையால் சோறுண்டன. அவை சாபம் பெற்ற முனிவர்கள் என்றும், காசியில் நீராடி, இங்கே உண்டு, இராமேசுவரம் செல்பவை என்றும், நெடுங்காலமாய் அவ்விரண்டுமே வருகின்றன என்றும் கதை கட்டினார்கள். இலட்சக்கணக்கானோர் படியேறிக் கும்பிட்டார்கள். 1990களோடு அவ்வருகை நின்றது. ஏன் நின்றது? கோவிலார் அறியார், கும்பிட்டவர் அறியார். "கலி முற்றிவிட்டது" என்பதற்கு மேல் அவர்களிடம் விடையில்லை. அழியாத முனிவர்கள் என்று முடிவு கட்டிய பின், குறைகின்றனவா என்று எண்ணிப் பார்க்க எவனுக்குத் தோன்றும்?

அதே காலத்தில் இந்தியாவின் மறு கோடியில் நடந்ததைக் கேளுங்கள். இராஜஸ்தானத்துப் பரத்பூரில் விபு பிரகாஷ் என்னும் ஆராய்ச்சியாளர் 1980களில் பிணந்தின்னிக் கழுகுகளின் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். 1990களில் மீண்டும் எண்ணியபோது பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தன. பழைய ஏடு கையில் இருந்தபடியால் குறைவு தெரிந்தது. குறைவு தெரிந்தபடியால் காரணம் தேடினார்கள். மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோபினாக் என்னும் மருந்தே நஞ்சென்று, பாகிஸ்தானத்தில் செத்த கழுகுகளை அறுத்து ஆராய்ந்தவர்கள் 2004இல் வெளியிட்டனர். அம்மருந்து ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. 2006இல் இந்திய அரசாங்கம் மாட்டுக்கு அம்மருந்தைத் தடுத்தது. அதற்குள் 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுக் கழுகுகளில் ஆயிரத்தில் ஒன்றே எஞ்சியது. எஞ்சியவற்றுள் ஒரு சிறு கூட்டம் நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் வாழ்கிறது. யுகயுகமாய்க் கும்பிட்டவன் கழுகைக் காத்தானா? சில ஆண்டுகள் எண்ணியவன் காத்தானா? பக்தர்களே விடை கூறட்டும்.

நம் பெருமாள் பக்தர்களுக்கு ஒரு விண்ணப்பமும் செய்துகொள்கிறேன். புரட்டாசி முழுதும் மாமிசம் தவிர்க்கிறீர்கள். சனிக்கிழமைதோறும் கோவிலுக்குச் செல்கிறீர்கள். கோபுரத்தின் மேல் ஒரு கருடன் வட்டமிட்டால் மெய் சிலிர்க்கிறீர்கள். அதே மாதத்தில், அதே ஆகாயத்தில், அக்கருடனின் உறவினர் ஆயிரமாயிரமாய் உங்கள் தலைக்கு மேலே போகின்றனர். நிமிர்ந்து பார்க்கலாகாதா?

இரண்டாம் எதிர்ப்பாளர், காரியவாதி. "பருந்து கோழிக்குஞ்சைத் திருடும், அதை எண்ணுவதற்குப் பதில் சுட்டு வீழ்த்தினால் பிரயோஜனம் உண்டு" என்பார் இவர். இவருக்கு அமெரிக்காவிலேயே அண்ணன்மார் இருந்தனர். பென்சில்வேனியா மாகாணத்தில் 1929இல் ஒருவகைப் பெருவல்லூற்றின் தலைக்கு 5 டாலர் விலை வைத்தார்கள். இலையுதிர்காலத்தில் கிட்டாடினி மலைத்தொடரின் வழியே வரும் பருந்துகளைத் துப்பாக்கிக்காரர் கூட்டங்கூட்டமாய் நின்று சுட்டுக் குவித்தனர். 1934இல் ரோசலி எட்ஜ் என்னும் மாது அம்மலையையே குத்தகைக்கு எடுத்துத் துப்பாக்கிக்குத் தடை போட்டார். அவர் அமர்த்திய மாரிஸ் புரூன் என்பவர் அவ்வாண்டே பருந்துகளை எண்ணத் தொடங்கினார். 'பருந்து மலை' என்று பெயர் பெற்ற அவ்விடத்தில், உலகப் போரின்போது சில ஆண்டுகள் தடைப்பட்டதைத் தவிர, இன்றளவும் கணக்கு நடந்து வருகிறது.

அந்த ஏட்டினால் வந்த பயன் யாது? வெண்தலைக் கழுகின் இளம் பறவைக்குத் தலை வெண்மை பெறாது. ஆகவே இளசு எது, முதிர்ந்தது எது என்று வானத்திலேயே பிரித்து எண்ணலாம். 1935 முதல் 1939 வரை அம்மலையில் கண்ட கழுகுகளில் 100க்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை 100க்கு 20. 1957இலோ 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஒரே ஓர் இளங்கழுகு. பெரியவை பறந்துகொண்டுதான் இருந்தன. வெறுங்கண்ணால் பார்த்தவனுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. குஞ்சுகள் பிறக்கவில்லை என்பதை ஏடு ஒன்றே சொல்லிற்று. வயலெங்கும் தெளித்த டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து இரையின் வழியே கழுகின் உடலில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலிதாக்கி, அடைகாக்கும்போதே நொறுங்கச் செய்தது. இரேச்சல் கார்சன் அம்மையார் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்னும் நூலில் பருந்து மலையின் இக்கணக்கைச் சான்றாக வைத்தார். மருந்துக் கம்பெனிகள் அவரை ஏசின. ஆனால் 1972இல் அமெரிக்காவில் டி.டி.டி. தடுக்கப்பட்டது. வெண்தலைக் கழுகும் மீண்டும் பெருகி, அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து 2007இல் நீக்கப்பட்டது. கோழிக்குஞ்சுக் கணக்கோடு நிற்கும் காரியவாதியாரே! ஒரு மலையுச்சியில் உட்கார்ந்து பருந்தெண்ணிய 'சோம்பேறி'யின் நோட்டுப் புத்தகம் செய்த காரியத்தைப் பார்த்தீரா?

அமெரிக்கா எதற்கு? நம் செம்பனைத் தோட்டங்களிலேயே மரத்துக்கிடையில் கூண்டு கட்டி வெண்கூகையைக் குடியேற்றுகிறார்கள். பழத்தைக் கொறிக்கும் எலியை அது இரவெல்லாம் வேட்டையாடுகிறது. லயத்திலிருந்த நம்மவர் அது அலறினால் வீட்டில் சாவு விழும் என்று கல்லெறிந்தனர். துரைமார் அது எத்தனை எலி தின்கிறது என்று கணக்கெடுத்துக் கூண்டு வைத்தனர். ஒரே பறவை, ஒருவனுக்கு எமதூதன், மற்றொருவனுக்குச் சம்பளமில்லாத காவற்காரன்.

மூன்றாம் எதிர்ப்பாளர் நம் பண்டிதர். "இலக்கிய அனுபந்தத்தில் பருந்துக் கணக்குக்கு என்ன வேலை?" என்று அவர் கேட்பது காதில் விழுகிறது. பருந்து, எருவை, பாறு, வல்லூறு, எழால், இராசாளி என்று நம் முன்னோர் பெயரிட்டனர். பார்த்துப் பிரித்தறிந்தவனன்றோ வேறு வேறு பெயர் வைப்பான்! சத்திமுத்தப் புலவர் நாரையை உற்றுப் பார்த்துப் பாடினார்; அது தென்திசையிலிருந்து வடக்கே திரும்பும் பறவை என்பதையும் அறிந்திருந்தார். இன்றைய பண்டிதரோ எருவை எது, எழால் எது என்று ஒரு பறவையைக் காட்டிச் சொல்லமாட்டார்; அகராதியைப் புரட்டி "ஒருவகைப் பறவை" என்று பொருள் கூறி மேற்செல்வார். சொல்லைக் காத்தோம் என்று மார்தட்டுகிறோம். சொல்லுக்குரிய பொருளைத் தொலைத்துவிட்டோம். ஆங்கிலப் பள்ளியில் படித்த நானும் பறவைகளை முதலில் ஆங்கிலப் பெயரால்தான் அறிந்தேன். தமிழ்ப் பெயரைத் தேடிப் பிறகே கற்றேன். அந்த வெட்கத்தை மறைக்க விரும்பவில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கும் பணக்காரனுக்கும் உரிய பொழுதுபோக்கு, நம்மால் ஆகாது" என்பாருக்கு நாகலாந்துக் கிராமத்தாரைக் காட்டுகிறேன். சைபீரியாவிலிருந்தும் வடசீனத்திலிருந்தும் தென் ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் அமூர் வல்லூறு, ஏறத்தாழ 150 கிராம் எடையே உள்ள சிறு பறவை, ஐப்பசியில் நாகலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே இலட்சக்கணக்கில் இறங்குகிறது. 2012இல் அங்கே வலை கட்டி 1,20,000 முதல் 1,40,000 வரை பிடித்துக் கொன்று விற்றனர் என்று மதிப்பிட்டார்கள். அத்தொகை உலகத்தின் கண்ணைத் திறந்தது. பாங்டி கிராமத்தாரின் கண்ணையும் திறந்தது. ஊர்ச் சபையாரும் தேவாலயத்தாரும் அரசாங்கத்தாரும் கூடிப் பேசி வலையைச் சுருட்டினர்; மறு ஆண்டே கொலை நின்றது. 2013இல் துணைக்கோள் கருவி பொருத்திய மூன்று பறவைகளுக்கு நாகா, பாங்டி, வோக்கா என்று தம் இனத்தின் பெயரையும், ஊரின் பெயரையும், ஜில்லாவின் பெயரையும் இட்டு அனுப்பினார்கள். அவை அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா சென்றன. மலைக்குடியானவர் செய்ததைப் பட்டணத்துத் தமிழன் செய்யலாகாதா?

கடைசியாக ஓர் ஆட்சேபம் உண்டு. மற்றெல்லாவற்றினும் அதையே நான் மதிக்கிறேன். "மனிதன் படும்பாட்டை விட்டுப் பறவையை எண்ணுவதா?" என்பது அது. இதற்கு விடை கூறுமுன் ஒரு கிராணியின் வாக்குமூலத்தைக் கேளுங்கள்.

நாங்கள் எண்ணிப் பிழைக்கும் வர்க்கத்தார். பால்மரக் காலத்திலே பெரட்டில் தலையை எண்ணினோம். வாளியிலே பாலை எண்ணினோம். இன்று செம்பனைக் குலையை எண்ணுகிறோம். முதலாளிக்கு வேண்டியதில் ஒன்றும் விடுபடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தோட்டத்தில், மருந்தடிக்கும் கூட்டத்தில் ஓர் அக்காள் இருந்தார். முதுகில் தகரம், கையில் குழாய், முகத்தில் பழந்துணி. ஒருநாள் மூக்கில் இரத்தம் வந்தது என்று வரவில்லை. பிறகு விரல் நகம் கருத்து உதிர்ந்தது என்று காட்டினார். "தம்பி, இதை எங்கேயாவது எழுதி வையுங்கள்" என்றார். செக்ரோலில் அதற்குப் பத்தி இல்லை. வந்தால் பேர், வராவிட்டால் பேர் இல்லை. நான் "வரவில்லை" என்று மட்டும் போட்டேன். அந்த மாதம் அவருடைய கூலி குறைந்தது. என் கணக்கு மிகச் சரியாய் இருந்தது. மருந்தா, வேறு நோயா என்று கண்டு சொல்ல வேண்டியவர் வைத்தியர். ஆனால் வைத்தியர் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு வரி வேண்டாமா? அந்த வரியை எழுதத் தவறியவன் நான்.

களைக்கொல்லியாகிய பராகுவாட்டைப் பற்றித் தெனகானித்தா இயக்கத்தார் தோட்டம் தோட்டமாய்ச் சென்று மருந்தடிக்கும் பெண்களைக் கேட்டுப் பதிந்து 2002இல் அறிக்கை வெளியிட்டனர். அவ்வாண்டு அரசாங்கம் அம்மருந்தைப் படிப்படியாய் நிறுத்தத் தீர்மானித்தது, 2006இல் பின்வாங்கியது, 2020 ஜனவரி 1 முதல் முற்றிலும் தடுத்தது. இடையில் கழிந்தவை 18 ஆண்டுகள். ஒவ்வொரு தோட்டத்துக் கிராணியும் ஒரு தனி நோட்டில் உதிர்ந்த நகத்தை எழுதி வைத்திருந்தால் அத்தனை ஆண்டு பிடித்திருக்குமா? என் இனத்துக் கிராணிமாரைக் கேட்கிறேன், என்னையும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் பின்னே செல்வோம். 1942–43இல் சயாம் பர்மா இரயில் பாதைக்கு, 415 கிலோமீட்டர் சாவுப் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை ஏற்றிச் சென்றனர். அங்கே இறந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. நம்மவரில் இறந்தவர் எத்தனை? ஒவ்வொரு நூல் ஒவ்வொரு தொகை கூறுகிறது. எண்ணுவாரில்லை; ஆகவே கேட்பாருமில்லை. பாட்டன் போனான், திரும்பவில்லை என்பதற்கு மேல் நம் குடும்பங்களில் ஏடு ஏது?

ஆகவே, "பறவையை எண்ணாதே, மனிதனை எண்ணு" என்பாருக்கு நான் சொல்வது இது. மனிதனையும் நீங்கள் எண்ணவில்லையே! எண்ணும் பழக்கம் ஒன்றே. ஆகாயத்தில் போகும் பருந்துக்கு, தெரிந்ததைத் தெரிந்தபடியும், தெரியாததைத் தெரியவில்லை என்றும், வராததை 0 என்றும், எவருக்கும் அஞ்சாமல் எழுதப் பழகிய சிறுவன், நாளை தன் தாயின் உடம்பில் கண்டதையும் அப்படியே எழுதுவான். பருந்து நமக்குக் கூலி தராது, மிரட்டாது, ஓட்டுக் கேளாது. அதனால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை.

யோசனை சொல்லாமல் ஏசிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடன்று. வரும் புரட்டாசியில் தொடங்கி ஐப்பசி முடியும்வரை, ஞாயிறுதோறும் காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை, பட்டர்வொர்த்திலும், பிறையிலும், நிபோங் திபாலிலும், தைப்பிங்கிலும், வடக்கு நோக்கிய வெளியொன்றில் ஊருக்கு நால்வர் நிற்கட்டும். தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், மாணவர் இருவர், எழுத்தறிந்த பெண்மணி ஒருவர் போதும். தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை நால்வரும் மாற்றிக்கொள்ளலாம். கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று. இனம், தொகை, திசை, காற்று, மேகம், அடையாளம் தெரியாதவை என ஆறு பத்திகள். பருவ முடிவில் ஒரு படியை இயற்கைக் கழகத்தின் பினாங்குக் கிளைக்கு அனுப்புவோம்; மறு படி நம்மிடமே இருக்கட்டும். முதலாண்டு ஏட்டினால் பயன் ஒன்றும் தெரியாது. பத்தாம் ஆண்டில், இருபதாம் ஆண்டில், ஏதோவொன்று குறையும்போதுதான் அதன் மதிப்புத் தெரியும். பரத்பூரிலும் பருந்து மலையிலும் நடந்தது அதுவே.

அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் வேறொரு கணக்கும் எழுதுங்கள். உங்கள் அடுக்குமாடியில், உங்கள் தோட்டத்தில், யார் எதனால் நோயுற்றார், யாருக்கு எந்நாளில் என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு பத்தி. நான் தொடங்கிவிட்டேன். அந்த அக்காளின் நகத்தைப் பற்றி, நினைவிலுள்ள அளவில், முதல் வரியில் எழுதியிருக்கிறேன், நாள் நினைவில்லை, ஆகவே அவ்விடத்தில் "தெரியவில்லை" என்று எழுதினேன். அன்றே எழுதியிருந்தால் நாளும் இருந்திருக்கும்.

பெரியவருக்கும் என் விடை இதுவே. ஐயா, நாலு பேருக்குப் பிரயோஜனம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. வரும் ஞாயிறு திடலுக்கு வாருங்கள். நாற்காலி கொண்டு வருகிறேன். கன்னத்தில் போட்டுக்கொள்வதானால் போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் முதலில் மேலே பாருங்கள், எத்தனை என்று சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.